முன்னிடைச்சொல்லைத் தமிழ் வழியே சொல்லிக்கொடுங்கள்: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆங்கில ஆசிரியர்களே,

அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, டியூஷன் சென்டர், வங்கித் தேர்வுக்கான பயிற்சி மையம் என்று எங்கெல்லாம் ஆங்கில இலக்கணம் நடக்கிறதோ, அங்கெல்லாம் கரும்பலகை முன்னால் நிற்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பட்டம் முடித்து வேலைக்கு வந்த இளைஞர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களையும் அறிக்கைகளையும், அலுவலகத்தை விட்டு வெளியே போகும் முன்பு படித்துத் திருத்திக் கொடுப்பது என் தொழில். நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் எது மனத்தில் நின்றது, எது நிற்கவில்லை என்பது தினமும் என் மேசைக்கு வந்துவிடுகிறது.

டென்ஸை ஓரளவு சரியாகவே எழுதுகிறார்கள். எழுத்துப் பிழையைக் கணினி பார்த்துக்கொள்கிறது. மிச்சம் நிற்பது முன்னிடைச்சொல், நம் வகுப்பறை வழக்கில் பிரிப்பொசிஷன். ‘வி டிஸ்கஸ்ட் அபௌட் தி ப்ராஜெக்ட்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்கிறார் இன்னொருவர். ‘ஹி இஸ் சீனியர் தேன் மீ’ என்று ஒரு கடிதம்; ‘வித்தின் ஃபைவ் ஓ க்ளாக்’ அனுப்பிவையுங்கள் என்று அடுத்த கடிதம். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்றாலும் பிழைகள் இதே பிழைகள்தான். கவனக்குறைவால் வருகிற பிழை ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வருகிற பிழைக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

அந்தக் காரணம் தமிழ். இந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் பிசகில்லாத ஒரு தமிழ் வாக்கியம் கிடக்கிறது. ‘திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்’ என்று நினைத்தவர் ‘பற்றி’க்கு ‘அபௌட்’ போட்டார். ‘ஐந்து மணிக்குள்’ என்று நினைத்தவர் ‘உள்’ளுக்கு ‘வித்தின்’ போட்டார். ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிரிப்பொசிஷன் நடத்தும்போது தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள். எந்த வாசல் வழியாகப் பிழை வருகிறதோ, திருத்தத்தையும் அந்த வாசல் வழியாகவே அனுப்புங்கள்.

தமிழ்ப் பாடவேளையில் எட்டு வேற்றுமை படித்த பிள்ளை, அடுத்த மணி அடித்ததும் உங்கள் வகுப்பில் வந்து உட்காருகிறது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று அங்கே படித்ததும், ‘டு’, ‘ஃபார்’, ‘பை’, ‘ஃப்ரம்’, ‘இன்’ என்று இங்கே படிப்பதும் பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்பவை என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கிறது. வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் மொழிகளில் இத்தகைய சொற்கள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்று மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் பல மொழிகளை ஒப்பிட்டுக் காட்டினார். தமிழும் ஜப்பானிய மொழியும் துருக்கி மொழியும் அந்த வகை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் முடிவு வேற்றுமைக்கு ஏற்ப மாறும். அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தபோது, அவை செய்த வேலையைச் சொல்வரிசையும் முன்னிடைச்சொற்களும் எடுத்துக்கொண்டன. ‘ஹி, ஹிம், ஹிஸ்’ என்று மாறுவது அந்தப் பழைய வீட்டின் மிச்சச் சுவர். இதைப் பத்து நிமிடம் சொன்னால் போதும். பிரிப்பொசிஷன் வெள்ளைக்காரன் வைத்த பொறி என்ற எண்ணம் பிள்ளைகளுக்குப் போய்விடும்.

முதலில் இடத்தைக் காட்டும் மூன்று சொற்கள்: ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறான், சுவரில் படம் மாட்டியிருக்கிறது, அறையில் தூங்குகிறாள். தமிழுக்கு மூன்றுக்கும் ஒரே ‘இல்’ போதுமானது. ஆங்கிலம் இங்கே கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறது: அந்த இடத்தை நீ எப்படிப் பார்க்கிறாய்? ஒரு புள்ளியாகப் பார்த்தால் ‘அட் தி பஸ் ஸ்டாப்’. ஒட்டிக்கொள்ளும் பரப்பாகப் பார்த்தால் ‘ஆன் தி வால்’. உள்ளே அடங்கும் இடமாகப் பார்த்தால் ‘இன் தி ரூம்’. இடம் மாறாமலே பார்வை மாறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தபால் நிலையத்தில் சந்திப்போம் என்றால், வாசலோ உள்ளேயோ, அந்த இடம் ஒரு புள்ளி, ‘அட்’ வரும். மழைக்கு அதன் உள்ளே ஒதுங்கி நின்றேன் என்றால் ‘இன்’ வரும். பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியது இடங்களின் பட்டியலை அல்ல, இந்தக் கேள்வியை.

வண்டிகளுக்கும் இதே கேள்விதான். ‘இன் தி கார்’ என்றும் ‘ஆன் தி பஸ்’ என்றும் சொல்ல வேண்டும் என்று பாடநூல் சொல்லும். ஏன் என்று பெரும்பாலும் சொல்லாது. எழுந்து நின்று நடமாட இடம் இருக்கிற வண்டி என்றால் பொதுவாக ‘ஆன்’. பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாம் அதில் அடங்கும். குனிந்து நுழைந்து உட்கார்ந்தே போகிற கார், ஆட்டோ, டாக்ஸிக்கு ‘இன்’. மேலே ஏறி உட்காருகிற சைக்கிளுக்கும் பைக்குக்கும் குதிரைக்கும் மறுபடி ‘ஆன்’. இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘பஸ்ஸில் வந்தேன்’ என்னும்போது நம் ‘இல்’ இடத்தைச் சொல்லவில்லை, எதைக் கொண்டு வந்தேன் என்பதைச் சொல்கிறது. அங்கே ஆங்கிலத்துக்கு ‘பை பஸ்’ வேண்டும். ‘ஐ கேம் இன் பஸ்’ என்று எழுதும் பிள்ளைக்கு, ஒரே ‘இல்’ இரண்டு வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டினால் போதும்.

நேரத்துக்கு வருவோம். மணிக்கு ‘அட்’, கிழமைக்கு ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’ என்று சொன்னதும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எதற்கு இத்தனை பாகுபாடு என்பார்கள். அப்போது அவர்களையே கேளுங்கள். ஐந்து மணிக்கு வா என்கிறோம். ஐந்து மணியில் வா என்று யாராவது சொல்கிறோமா? மே மாதத்தில் கல்யாணம் என்கிறோம். திங்கட்கிழமை வா என்னும்போது உருபே போடுவதில்லை. மணிக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, கிழமைக்கு எதுவுமில்லை என்று தமிழும் மூன்று விதமாகத்தான் நடக்கிறது. எந்த விதியும் படிக்காமல் அந்தப் பிள்ளை அதைப் பிசகாமல் சொல்கிறது. காதில் விழுந்து விழுந்து பழகியதால் வந்த தேர்ச்சி அது. ஆங்கிலத்தில் ‘இன் தி மார்னிங்’ என்பது, கிழமை முன்னால் வந்து நின்றதும் ‘ஆன் மண்டே மார்னிங்’ ஆவதும், ‘நெக்ஸ்ட் மண்டே’ என்னும்போது ‘ஆன்’ கழன்றுகொள்வதும் அதே போலப் பழக்கத்தில் வரவேண்டியவை.

அடுத்தது, தமிழ் ஆங்கிலத்துக்கு முழுக்க உதவுகிற இடம். நாம் அதிகம் வீணடிப்பதும் அந்த இடத்தைத்தான். ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பத்துக்கு எத்தனை பாடவேளை செலவாகிறது! தமிழில் அந்தக் குழப்பமே கிடையாது. ‘2020 முதல் இங்கே வேலை செய்கிறேன்’, ‘இரண்டு வருடங்களாக இங்கே வேலை செய்கிறேன்’. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘முதல்’ அல்லது ‘இருந்து’. கடந்த கால அளவைச் சொன்னால் ‘ஆக’. முன்னதுக்கு ‘சின்ஸ்’, பின்னதுக்கு ‘ஃபார்’. இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ மறுபடி வராது. வினையைச் சரிசெய்வது வேறு வேலை. ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்பது ‘ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்’ ஆக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாக நடத்துங்கள்.

‘வரை’யும் ‘உள்’ளும் அப்படியே. வெள்ளிக்கிழமை வரை இருப்பேன் என்றால் ‘அன்டில் ஃப்ரைடே’. வெள்ளிக்கிழமைக்குள் தந்துவிடுவேன் என்றால் ‘பை ஃப்ரைடே’. தமிழ் பிரித்து வைத்ததையே ஆங்கிலமும் பிரித்து வைத்திருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நம் ‘உள்’ கெடு முடிகிற நேரத்துக்கும் வரும், கால அளவுக்கும் வரும்: ஐந்து மணிக்குள், ஐந்து மணி நேரத்துக்குள். ஆங்கிலத்தில் கெடுவுக்கு ‘பை’, அளவுக்கு ‘வித்தின்’. ‘வித்தின் ஃபைவ் அவர்ஸ்’ சரி. ‘வித்தின் ஃபைவ் ஓ க்ளாக்’ தவறு. அலுவலகக் கடிதங்களில் கெடுத் தேதி சொல்லும்போது நான் அடிக்கடி திருத்துவது இதைத்தான்.

இனி ‘டிஸ்கஸ் அபௌட்’. இந்தப் பிழையைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போன உங்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆங்கிலத்தில் பல சொற்கள் பெயராக இருக்கும்போது முன்னிடைச்சொல்லைக் கேட்கும். வினையாக மாறியதும் அதை விட்டுவிடும். ‘எ டிஸ்கஷன் அபௌட் தி ப்ளான்’ சரி. ‘டிஸ்கஸ் தி ப்ளான்’ போதும். ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. ‘ரிக்வெஸ்ட் லீவ்’ போதும். ‘எம்ஃபஸிஸ் ஆன்’, ஆனால் ‘எம்ஃபஸைஸ்’ தனியாக. ‘என்ட்ரி இன்டு’, ஆனால் ‘என்டர் தி ரூம்’. ‘எ லேக் ஆஃப் மணி’, ஆனால் ‘தே லேக் மணி’. ‘ஆன்சர் டு தி கொஸ்டியன்’, ஆனால் ‘ஆன்சர் தி கொஸ்டியன்’. பெயரோடு பார்த்துப் பழகியதை வினையோடும் ஒட்டிவிடுகிறோம். பிழையில் பாதி அங்கே பிறக்கிறது. மீதிப் பாதி நம் ‘பற்றி’, ‘கு’, ‘உள்ளே’ ஆகியவற்றிலிருந்து பிறக்கிறது.

இப்படி நடப்பது ஆங்கிலத்தின் கிறுக்கு என்று பிள்ளைகள் நினைத்தால், கோபத்தை எடுத்துக்காட்டுங்கள். ‘அவனுக்கு என் மேல் கோபம்’ என்கிறோம். வினையாக்கியதும் ‘என் மேல் கோபித்துக்கொண்டான்’ என்பதோடு ‘என்னோடு கோபித்துக்கொண்டான்’ என்பதும் இயல்பாக வருகிறது. பெயருக்கு ஒரு துணை, வினைக்கு வேறொரு துணை என்பது நமக்கும் தெரிந்த சங்கதிதான்.

கோபத்தைத் தொட்டதால் மனநிலைச் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘என் மேல் கோபம்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘ஆங்ரி ஆன் மீ’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்துக்கு ‘ஆங்ரி வித் மீ’. கணக்கில் கெட்டிக்காரன் என்றால் ‘குட் அட் மேத்ஸ்’. ஆனால் கணக்கில் மட்டம் என்றால் ‘வீக் இன் மேத்ஸ்’. தமிழில் இரண்டுக்கும் ‘இல்’தான். அவரோடு கல்யாணம் என்பது ‘மேரீட் டு’. வெற்றிக்கு வாழ்த்து என்றால் ‘கங்கிராஜுலேட் ஆன்’. பயம் இன்னும் சுவையானது. பாம்புக்குப் பயப்படுகிறேன் என்பதில் உள்ள ‘கு’வை ‘ஃபார்’ ஆக்கி ‘அஃப்ரெய்ட் ஃபார் தி ஸ்னேக்’ என்று எழுதினால், படிக்கிறவர் பாம்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நீங்கள் கவலைப்படுவதாக எடுத்துக்கொள்வார். பாம்பைக் கண்டு நடுங்குகிறவர் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ போட வேண்டும்.

ஒரே பயத்துக்கு இப்படி வெவ்வேறு துணையா என்று கேட்கும் பிள்ளையிடம் தொல்காப்பியத்தைச் சொல்லுங்கள். அதன் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் என்று ஓர் இயல் இருக்கிறது. அதை அடுத்து, ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்துக்கு வருவதை ஆராய்வதற்கென்றே வேற்றுமை மயங்கியல் என்று தனி இயல் இருக்கிறது. அச்சத்தைச் சொல்லும்போது ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம் என்று அங்கே இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. பழியின் அஞ்சுவதும் பழியை அஞ்சுவதும் ஒன்றே. இன்றைய பேச்சில் நாம் பழிக்கும் அஞ்சுகிறோம். எந்தச் சொல் எந்த உருபைத் துணைக்கு அழைக்கும் என்ற கேள்வி நம் இலக்கணத்திலேயே அவ்வளவு பழையது.

மனநிலைச் சொற்களைத் தாண்டினால், துணை மாறினால் சட்டப் பொருளே தடுமாறும் இடங்கள் வரும். செய்தித்தாளில் வரும் ஒரு நீதிமன்றச் செய்தியை வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுக்காகக் கைது என்றால் ‘அரெஸ்டட் ஃபார்’. குற்றம்சாட்டப்பட்டார் என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘அக்யூஸ்ட்’ என்றால் ‘ஆஃப்’, ‘சார்ஜ்டு’ என்றால் ‘வித்’. குற்றவாளி என்று தீர்ப்பானால் ‘கன்விக்டட் ஆஃப்’. தண்டனை விதித்தால் ‘சென்டென்ஸ்டு டு’. ஒரே வழக்கு ஒவ்வொரு கட்டத்திலும் வேறு துணைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. இங்கே ‘ஆஃப்’ ஏன், ‘வித்’ ஏன் என்று தர்க்கம் தேடுவதில் பயனில்லை. அந்த வினையோடு அந்தச் சொல்லைச் சேர்த்தே படிக்க வேண்டும். பத்து தனித்தனி வாக்கியங்களில் கோடிட்ட இடத்தை நிரப்புவதைவிட இப்படி ஒரு செய்தியை முழுதாகப் படிப்பது ஆழமாகப் பதியும். ஒரு சொல் அடுத்த சொல்லை நினைவுபடுத்தும்.

காரணம் சொல்ல முடிகிற இடத்தில் சொல்லாமல் விடுவதும் தவறு. ‘சீனியர் தேன் மீ’ என்று பிள்ளை எழுதுவதற்கு நம் ‘என்னைவிட’ காரணம். ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ என்பவை லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள். ‘விட’ என்ற பொருள் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ‘தேன்’ வேண்டாம், ‘டு’ போதும். லத்தீனிலிருந்தே வந்த ‘ப்ரிஃபர்’ என்ற வினையும் அப்படித்தான். காபியைவிட டீ பிடிக்கும் என்றால் ‘ப்ரிஃபர் டீ டு காஃபி’. ஐந்து சொற்கள், ஒரே காரணம். இப்படித் தொகுத்துச் சொன்னால் ஐந்தும் ஒரே வகுப்பில் தீர்ந்துவிடும்.

‘கோ டு ஹோம்’ என்ற பிழையும் அத்தகையது. வீட்டுக்குப் போனேன் என்பதில் ‘கு’ இருப்பதால் ‘டு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘ஹோம்’ இங்கே பெயர்ச்சொல்லாக வரவில்லை, போகும் திசையைச் சொல்லும் வினையடையாக வருகிறது. பழைய ஆங்கிலத்தில் திசையைக் காட்ட இரண்டாம் வேற்றுமையில் நின்ற வடிவம்தான் பின்னர் இப்படித் தனியாக நின்றுவிட்டது. அதாவது ‘கோ ஹோம்’ என்பதில் ‘கு’ ஏற்கெனவே கரைந்து கிடக்கிறது. ‘ஹியர்’, ‘தேர்’, ‘அப்ராட்’ ஆகியவற்றுக்கும் ‘டு’ தேவையில்லை. ‘ரீச்’ வினைக்கும் வேண்டாம். ‘அரைவ்’ மட்டும் ஊருக்கு ‘இன்’, நிலையத்துக்கு ‘அட்’ என்று கேட்கும்.

உங்கள் கைக்கு எட்டுகிற ஒரு கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிடும் அகராதி இன்று உலகம் முழுவதும் விற்கிறது. அது பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, ஜப்பானில். அங்கே ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் சகாக்களோடு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது; பிறகு ஆக்ஸ்ஃபோர்ட் அதை 1948இல் வெளியிட்டது. எந்த வினை எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்று சொல்லுக்குச் சொல் காட்டியதுதான் அதன் தனிச்சிறப்பு. ஜப்பானிய மொழியும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைத்து, உறவுச் சொல்லைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற மொழி. நம் பிள்ளைகள் தடுக்குகிற இடங்களிலேயே தடுக்கிய மாணவர்களைப் பார்த்துப் பழகியவரிடமிருந்து வந்த அகராதி அது. இன்று அதைச் செல்பேசியிலேயே பார்க்கலாம். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குப் பொருள் தேடாமல், அதன் துணை எது என்று தேடச் சொல்லிப் பழக்குங்கள்.

இனி உங்கள் சிவப்பு மையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா முன்னிடைச்சொல் பிழைக்கும் ஒரே எடை கிடையாது; சிலவற்றைப் பிழை என்று சொல்வதே தவறு. ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ எங்கும் செல்லும். பிரிட்டனில் ‘டிஃபரன்ட் டு’வும் அமெரிக்காவில் ‘டிஃபரன்ட் தேன்’னும் கற்றவர்கள் வாயிலேயே புழங்குகின்றன. வார இறுதியில் என்பதற்கு பிரிட்டிஷ்காரர் ‘அட் தி வீக்கெண்ட்’ என்பார், அமெரிக்கர் ‘ஆன் தி வீக்கெண்ட்’ என்பார். திங்கள் முதல் வெள்ளி வரை என்பது பிரிட்டனில் ‘மண்டே டு ஃப்ரைடே’. அமெரிக்காவில் ‘மண்டே த்ரூ ஃப்ரைடே’. ‘ரைட் மீ’ என்று அமெரிக்கர் எழுதுவது பிரிட்டனில் ‘ரைட் டு மீ’. நம் பிள்ளைகள் அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து வளர்கிறார்கள். காதில் விழுந்ததை எழுதினால் மதிப்பெண் குறைக்க நியாயமில்லை. ஒரு கடிதத்துக்குள் ஒரே வழக்கைப் பின்பற்று என்று சொன்னால் போதும்.

வாக்கியம் முன்னிடைச்சொல்லில் முடியக் கூடாது என்ற பழைய கட்டளையையும் விட்டுவிடலாம். ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1672இல் நாடகாசிரியர் பென் ஜான்சனை இதற்காகக் குறை சொன்னதிலிருந்து அந்தக் கட்டளை வலுப்பெற்றது. ஆங்கில வழக்கை ஆராய்ந்த ஃபௌலர் தம் 1926ஆம் ஆண்டு நூலில் அதை மூடநம்பிக்கைகளோடு சேர்த்து வைத்தார். ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்’ என்பதில் எந்தக் குறையும் இல்லை.

‘டிஸ்கஸ் அபௌட்’டும் ஒரு நாள் சரியாகிவிடாதா என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். ஆகலாம். இந்தியாவில் மட்டுமல்லாமல் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசும் பல நாடுகளிலும் அது புழங்குகிறது. மொழி புழக்கத்தின் பக்கம் சாயும். ஆனால் இன்று வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளையின் கடிதத்தைப் படிப்பவர் அதைப் பிழையாகத்தான் பார்க்கிறார். வங்கித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வியும் அதைப் பிழையாகத்தான் கருதுகிறது. நாளைக்கு மாறலாம் என்பதற்காக இன்றைக்கு அந்தப் பிள்ளையை நட்டத்தில் விட முடியாது.

ஆகவே என் கோரிக்கையை நான்காகச் சுருக்கித் தருகிறேன். பிரிப்பொசிஷன் பாடத்தை வேற்றுமையிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து வகுப்புத் தமிழாசிரியரோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள், முடிந்தால் இருவரும் சேர்ந்து ஒரு பாடவேளை நடத்துங்கள். விளக்க முடிகிறவை, சேர்த்தே படிக்க வேண்டியவை, நாட்டுக்கு நாடு மாறுபவை என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள்: முதல் வகைக்குக் காரணம் சொல்லுங்கள், இரண்டாம் வகைக்கு நிறைய வாசிக்கக் கொடுங்கள், மூன்றாம் வகைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். பிழையை அடித்துச் சரியானதை மேலே எழுதிவிட்டுப் போகாமல், ‘தமிழில் என்ன நினைத்து இதை எழுதினாய்?’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் தமிழ் வாக்கியத்திலேயே பிழையின் வேர் தெரிந்துவிடும். அதைக் காட்டினால் அடுத்த முறை பிள்ளை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்.

தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராமல் போவதற்குத் தமிழ் காரணமல்ல. தமிழை ஒதுக்கிவைத்துவிட்டு ஆங்கிலம் நடத்துவதுதான் காரணம். உங்கள் அடுத்த பிரிப்பொசிஷன் வகுப்பில் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களின் கடிதங்களைத் திருத்துகிறவன்